சீட்டுப் பணமும் ஒரு பழைய கேமராவும்: சரவணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி சரவணனுக்கு,

உன் மெயில் கிடைத்தது. சீட்டு எடுத்த ஒன்றரை லட்சம் கையில் இருக்கிறது, கல்யாண வேலையும் போர்ட்ரெய்ட்டும் முறையாகக் கற்றுக்கொண்டு இரண்டு வருடத்தில் இதையே தொழிலாக்க வேண்டும், புது சோனி வாங்கவா, புது கேனான் வாங்கவா, எந்த கோர்ஸில் சேர என்று கேட்டிருக்கிறாய். இவ்வளவு நீண்ட கடிதத்தில் வெளிச்சத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஃபிளாஷ் என்ற சொல்லே வரவில்லை. அதனால் நீ கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை.

முதலில் பணத்தைப் பிரி. பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவுக்கு, பாதிக்கு மேல் போகக் கூடாது. மீதியில் ஒரு லென்ஸ், ஒரு ஃபிளாஷ், அதைத் தள்ளி நின்று இயக்கும் டிரிகர், ஸ்டாண்ட், ஒளியைப் பரப்பும் குடை, இரண்டு மெமரி கார்டு, உபரி பேட்டரி, இரண்டு ஹார்ட் டிஸ்க், ஈரம் புகாத பெட்டி எல்லாம் வர வேண்டும். இந்தக் கணக்கில் புது ஃபுல் ஃபிரேம் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ள பாடி) வராது, பழையதுதான் வரும். அதனால் குறை ஒன்றுமில்லை. கல்யாண ஆல்பத்தில் ஒரு ஷீட் 12க்கு 36 இன்ச். ஒரே படம் பாதி ஷீட்டை நிரப்பினால் 12க்கு 18. லேப் இன்ச்சுக்கு 300 புள்ளி கேட்டாலும் 3600க்கு 5400, அதாவது 19.4 மெகாபிக்சல் போதும். 24 மெகாபிக்சல் பாடி 6000க்கு 4000 தருகிறது. 45, 61 என்று போகும் எண்களுக்கு உன் ஆல்பத்தில் வேலை இல்லை. ஹார்ட் டிஸ்க்தான் சீக்கிரம் நிறையும்.

பாடியில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம் இரண்டு கார்டு ஸ்லாட். தாலி கட்டுவதை இன்னொரு முறை செய்யச் சொல்ல முடியாது. ஒரே படம் இரண்டு கார்டிலும் பதிவாகும்படி மெனுவில் அமைத்துவிடு. இந்த ஒரு காரணத்துக்காகவே கேனான் 6டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், கல்யாணத்துக்கு வாங்காதே. அதில் ஒரு ஸ்லாட்தான். கேனான் 5டி மார்க் 3, நிக்கான் டி750, சோனி ஏ7 மார்க் 3 மூன்றிலும் இரண்டு உண்டு. சோனியில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் உண்டு, அது பெரிய வசதி. மற்ற இரண்டும் டிஎஸ்எல்ஆர், உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகை; அவற்றுக்கு மறுவிற்பனை விலை இறங்கிக்கொண்டே போகும், அதைத் தெரிந்தே வாங்கு. கற்கும் காலத்துக்கு டி750 எனக்குப் பிடித்த தேர்வு. பாடிக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் தனக்கென்று மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களும் அதில் வேலை செய்யும். நிக்கானின் டி3500, டி5600 போன்றவற்றில் அந்த லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

பழைய பாடியைப் பார்க்கப் போகும்போது லேப்டாப், உன் சொந்த மெமரி கார்டு, ஒரு டார்ச் மூன்றையும் எடுத்துப் போ. விற்பவர் சொல்லும் ஷட்டர் கணக்கை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்தது என்பதை, நம்பாதே. நிக்கானில் ஒரு படம் எடுத்து அதோடு சேர்ந்து பதிவாகும் எக்ஸிஃப் தகவலைப் பார்த்தால் எண் தெரியும். கேனானில் பெரும்பாலும் யூஎஸ்பி வயர் மாட்டி, அதற்கென்று உள்ள மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். டி750, 5டி மார்க் 3 இரண்டின் ஷட்டரும் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டவை. 60,000 ஓடியது நல்லது. 1,40,000 ஓடியது என்றால் ஷட்டர் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேள். டி750இல் இன்னொரு சங்கதியும் உண்டு. ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரானவற்றில் ஷட்டர் சரியாக வேலை செய்யாமல் படத்தின் ஒரு பகுதி இருண்டுபோகும் என்று நிக்கானே அறிவித்து, இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. அப்படிச் சரிசெய்த பாடியா என்று விற்பவரிடம் கேட்க மறக்காதே.

பிறகு அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துளையை, எஃப் 16க்கு வைத்து (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்), ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடு. சென்சாரில் தூசி இருந்தால் சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தெரியும். தூசியைத் துடைக்கலாம், கீறல் இருந்தால் எழுந்து வந்துவிடு. லென்ஸுக்கு டார்ச் வேண்டும். பின்பக்கத்திலிருந்து சாய்வாக ஒளியடித்து முன்பக்கம் பார். சிலந்தி வலை போல் மெல்லிய இழை தெரிந்தால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுக்கம் இருக்கிறதா பார். செங்கல் சுவருக்கு நேராக நின்று, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து ஒரு படம் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கு. நாலும் ஒரே அளவில் மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் கூடுதலாக மங்கினால் எங்கோ கீழே விழுந்து உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. கடைசியாக, சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்காதே. திருட்டுச் சாமானாக இருந்தால் நாளைக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

லென்ஸில் முதலில் 50 எம்எம் எஃப் 1.8 மட்டும். 24-70 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் இல்லாமல் கல்யாணம் எடுக்க முடியாது என்பார்கள். பாதி உண்மை. வேலை இருக்கும் நாளுக்கு அதை வாடகைக்கு எடு, அந்த வாடகையைப் பில்லில் சேர். மாதம் நாலைந்து முறை வாடகைக்கு எடுக்கும் நிலை வரும்போது வாங்கு. இரண்டாவதாக 85 எம்எம் எஃப் 1.8. அதை வாங்கியதும் எல்லோரும் எஃப் 1.8லேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 85இல் எஃப் 1.8 வைத்தால் ஃபோகஸில் நிற்கும் ஆழம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். மணப்பெண் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் அரை அடி தள்ளி நின்றாலே அவள் முகம் போய்விடும். எஃப் 4க்கு வந்தால் 13 சென்டிமீட்டர் கிடைக்கும். ஜோடிப் படத்துக்கு அதிலிருந்து ஆரம்பி.

இனி வெளிச்சம். கோர்ஸ் எதிலும் சேரும் முன் வீட்டிலேயே மூன்று பொருட்களை வைத்து ஒரு மாதம் பழகு: ஒரு வெள்ளை முட்டை, ஒரு பித்தளைக் குத்துவிளக்கு, ஒரு பட்டுச் சேலை. எல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில், எல்லாவற்றையும் நீயே அமைக்கும் மேனுவல் மோடில், கேமரா திருத்தாமல் அப்படியே தரும் ரா கோப்பாக.

முட்டையை வெள்ளைத் தாளில் வைத்து, ஜன்னலை அதற்குப் பக்கவாட்டில் வைத்துக்கொள். வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு எப்படி மாறுகிறது என்று பார். ஜன்னலை அட்டையால் மூடி ஒரு சாண் அகலம் மட்டும் விட்டால் நிழலின் ஓரம் கத்தி போல் ஆகும். மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் ஓரம் கரையும். எடுக்கும் பொருளிலிருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு ஒளி மென்மை. விளக்கின் முன் மாட்டும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸைத் தூரத்தில் வைத்துவிட்டு மென்மை வரவில்லை என்று புலம்புவது இதை அறியாததால்தான். மறுபக்கம் ஒரு தெர்மாகோல் பலகையை வைத்தால் நிழல் திறக்கும், கறுப்புத் துணியை வைத்தால் அடர்ந்து போகும். சினிமாக்காரர்கள் இன்றும் தெர்மாகோல் பிடிக்கிறார்கள். நீ வெட்கப்படத் தேவையில்லை.

குத்துவிளக்கு வேறு பாடம். பளபளக்கும் பொருளில் நீ எடுப்பது அதில் பிரதிபலிக்கும் அறையைத்தான். விளக்கின் மேல் விழும் ஒளியைக் கூட்டிக் குறைப்பதை விட, அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை மாற்று. பக்கத்தில் பெரிய வெள்ளைப் பலகை வைத்தால் பித்தளையில் நீளமான ஒளிப்பட்டை ஓடும். அந்தப் பட்டைக்கு ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு தேவைப்பட்டால் கறுப்பு அட்டையைக் கிட்டக் கொண்டு வா. நகைப் படத்துக்கும் இதே வித்தைதான். எண்ணெய் வழியும் கறுத்த முகத்துக்கும் இதுதான்: சிறிய ஃபிளாஷ் நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைக்கும், பெரிய ஒளி அதே முகத்தில் அழகான மினுக்கமாக விரியும். பட்டுச் சேலையில் ஒளியைச் சேலையோடு உரசிச் செல்லும் கோணத்தில் விடு. ஜரிகையின் நெசவு எழுந்து நிற்கும். நேருக்கு நேர் அடித்தால் ஜரிகை வெறும் மஞ்சள் பட்டைதான்.

அடுத்த மாதம் ஃபிளாஷ். ஒளி அளவைத் தானே கணக்கிடும் டிடிஎல் வசதி இல்லாத மேனுவல் ஃபிளாஷ் ஒன்று போதும், கோடாக்ஸ் டிடி600 வகை. கேமராவின் தலையிலிருந்து இறக்கி ஸ்டாண்டில் வை. ஷட்டர் வேகத்தை 1/200 நொடிக்கு மேல் ஏற்றாதே. அதைத் தாண்டினால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்திருக்காது. படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். தூரம் இரட்டித்தால் ஒளி நாலில் ஒன்றாகக் குறையும் என்ற விதியை மேடையில் நிறுத்திப் பார்: ஃபிளாஷிலிருந்து 1 மீட்டரில் மாமா, 2 மீட்டரில் அத்தை. மாமாவுக்கு நாலு மடங்கு ஒளி, சட்டை வெளுத்துப்போகும். ஃபிளாஷைப் பின்னுக்கு இழுத்து மாமா 4 மீட்டரிலும் அத்தை 5 மீட்டரிலும் வரும்படி வைத்தால் வித்தியாசம் ஒன்றரை மடங்கு சொச்சம்தான். குரூப் படத்தில் விளக்கை ஏன் தள்ளி உயரத்தில் வைக்கிறார்கள் என்பதற்கு இதுவே காரணம். மண்டபக் கூரையில் ஃபிளாஷை மோதவிட்டு எடுக்கும் முன் அண்ணாந்து பார். கூரை பச்சையென்றால் முகமும் பச்சை.

மண்டபத்தில் புதியவர்கள் எல்லோரையும் கவிழ்ப்பது படத்தில் விழும் பட்டைகள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/100 அல்லது 1/50 வைத்தால் முழுச் சுற்றையும் ஷட்டர் வாங்கிக்கொள்ளும். 1/320 வைத்தால் ஒரு படம் பிரகாசம், அடுத்தது மங்கல், நடுவில் பட்டை. சடங்கு நிதானமாக நடக்கும்போது 1/100. அட்சதை விழும்போது அந்த வேகம் போதாது, அங்கே ஃபிளாஷைச் சேர். சோனி போல் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வாங்கினால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை மண்டபத்துக்குள் அணைத்துவிடு. ரிசப்ஷன் மேடையில் எல்இடி சுவர் இருந்தால் விருந்தினர் வருமுன் நாலைந்து வேகத்தில் சோதித்துக்கொள், ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு விதம்.

கேமராவின் ஒளி மீட்டர் கண்ணில் பட்டதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டிச் சட்டையில் பத்துப் பேர் நின்றால் படம் இருளும், ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரு மடங்காக, கூட்டு. சிவப்பு, ஊதா மேடை விளக்கில் ஒளி அளவை வரைபடமாகக் காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராம் ஏமாற்றும், நிறங்களைத் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார். சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நின்றால் முகத்தில் விவரம் இருக்காது. ரா கோப்பாலும் அதை முழுதாக மீட்க முடியாது. கோபுரத்தின் முன் எடுக்கும்போது வானம் வெளுப்பது பழைய தொல்லை. 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்த ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் காகித நெகட்டிவில் மேகத்தை வரைந்தே சேர்த்தார். நீ காலை ஏழு மணிக்குப் போனால் வரைய வேண்டியிருக்காது.

கோர்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊட்டியில் லைட் அண்ட் லைஃப் அகாடமி இருக்கிறது. 2001 முதல் நடக்கிறது, விளம்பரப் படத்துறைக்குப் போக நினைப்பவர்களுக்கு நல்ல இடம். உன் ஒன்றரை லட்சம் அங்கே கட்டணத்துக்கே பற்றாது. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பில் புகைப்படம் சில பாடங்களோடு முடிந்துவிடும். வார இறுதிப் பயிலரங்குகளில் சேருமுன் இரண்டு கேள்வி கேள்: ஒரு லைட் செட்டுக்கு எத்தனை மாணவர், என் படங்களை வாராவாரம் உட்கார்ந்து பார்த்துத் திருத்துவது யார். பதில் மழுப்பலாக வந்தால் மாடலை நிறுத்தி ஆளுக்குப் பத்து கிளிக் அடிக்க விடும் கூட்டம்தான் அது. அதைவிட உன் ஊரில் நன்றாக எடுக்கும் ஒருவரிடம் ஒரு சீசன் லைட் பிடிக்கப் போ. எந்தச் சடங்கில் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பெரியவரை விட்டால் சண்டை வரும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

நீ இருப்பது தூத்துக்குடி, கடற்காற்று. லென்ஸைத் தோல் உறையில் போட்டு பீரோவில் வைக்காதே, ஃபங்கஸுக்கு அதுதான் வீடு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரப்பத மீட்டர். 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்து. ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி ஈரத்தை விரட்டிவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காதே. அரை மணி நேரம் அப்படியே வை, இல்லையென்றால் கண்ணாடி வியர்த்துவிடும்.

எந்தப் பாடிக்காவது முன்பணம் கொடுக்கும் முன் அதில் நீ எடுத்த எஃப் 16 வெள்ளைச் சுவர்ப் படத்தையும் செங்கல் சுவர்ப் படத்தையும் எனக்கு அனுப்பு. வாட்ஸ்அப்பில் போட்டால் அமுக்கிவிடும், கூகுள் ட்ரைவில் ரா கோப்பாகவே ஏற்று.

அன்புடன்,
அண்ணன்