பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேரக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் ஞாயிறுதோறும் வரும் வீட்டுக் குறிப்புகளைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஆடி வெள்ளிக்கு முதல் நாள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம். எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். குளியலறைத் தரையில் வெள்ளை வெள்ளையாக உப்புக்கறை படிந்துவிடும், மூலையில் பாசியும் பிடிக்கும். கைப்பேசியில் வந்த ஒரு காணொளியை நம்பி, என் மருமகள் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேலேயே ஆசிட்டை ஊற்றிவிட்டாள். கதவும் சாத்தியிருந்தது. அடக்க முடியாத இருமல் சத்தம் கேட்டு ஓடினேன். கதவைத் திறந்ததும் வந்த நெடி என் தொண்டையையும் பிடித்துக்கொண்டது. அவளை இழுத்து வந்து திண்ணையில் காற்றாட உட்கார வைத்தேன். உடனே மருத்துவரிடமும் காட்டினோம். இருமல் நிற்க மூன்று நாள் ஆயிற்று. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மாவிளக்கு ஏற்றவில்லை.

பிளீச்சிங் பவுடரில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குத்துக்காலிட்டுத் தேய்ப்பவரின் முகமும் அங்கேதானே இருக்கிறது! கடையில் வாங்கும் கழிப்பறை திரவங்கள் பலவற்றிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. புட்டியில் ஆசிட் என்று பெரிதாக எழுதியிருக்காது என்பதால் பலருக்கு இது தெரிவதில்லை. வினிகரையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கக் கூடாது. உப்புக்கறைக்கு ஆசிட், பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் என்று இரண்டுக்கும் வேலை வேறு வேறு. ஒன்றைப் போட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு, மற்றதை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன். கதவும் ஜன்னலும் திறந்தே இருக்கும்.

என் அம்மா எந்தக் குறிப்பையும் காரணம் சொல்லாமல் சொன்னதில்லை. வாழைப்பூவை ஆய்ந்து மோர்த் தண்ணீரில் போடச் சொல்வார். மோரின் புளிப்பு கறுக்க விடாது என்பார். சேனைக்கிழங்கின் அரிப்புக்கும் புளிதான் மருந்து. புளிப்பு கறுக்க விடாது என்ற காரணம் தெரிந்ததால், மோர் இல்லாத நாளில் வாழைத்தண்டைப் புளி கரைத்த தண்ணீரில் நறுக்கிப் போட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தங்கள் வீட்டுக் குறிப்புகள் பகுதியில் சென்ற மாதம் வந்த ஒரு குறிப்பு, அடுப்பு மேடைப் பிசுக்குக்குச் சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து ஊற்றச் சொன்னது. இதில் ஆபத்து இல்லை. ஆனால் நுரைத்து அடங்கியதும் ஒன்றை ஒன்று முறித்துவிடுகிறது, மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர். சோடாவை மட்டும் ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தால் பிசுக்கு போகிறது. வெந்நீர் கெட்டிலின் அடியில் படியும் உப்புக்கு வினிகர் மட்டும் போதும். இரண்டையும் எங்கள் வீட்டில் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு குறிப்பின் கீழும் அது ஏன் பலிக்கிறது என்று ஒரு வரி போடுங்கள். துப்புரவுப் பொருள்களைப் பற்றிய குறிப்பென்றால், எதோடு சேர்க்கக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். தீபாவளிக்கு வீடு கழுவும் நாள்கள் நெருங்குகின்றன. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே பிளீச்சிங் பவுடர் எச்சரிக்கை வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்