கதிர்வீச்சு நாட்களில் உணவும் தங்குமிடமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குன்யா என்று பர்மியர் சொல்லும் வெற்றிலைப் பாக்கை மடித்துத் தரும் கடை இல்லாத தெரு பர்மாவில் நம் மோல்மினில் இல்லை. புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியிலேயே சொல்லிவிட்டது. ஆயினும் முப்பது ஆண்டுகள் குன்யா மென்ற என் அண்ணனுக்கு அடிநாக்கில் கட்டி வந்த பிறகே எங்கள் வீட்டில் அந்தச் சொல் காதில் ஏறியது. ரங்கூனில் அவருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்த ஏழு வாரமும் உடனிருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வாரத்திற்கு ஐந்து நாள், நாளொன்றுக்கு 2 கிரே (உடம்பு ஏற்கும் கதிரை அளக்கும் அலகு), 35 முறையில் மொத்தம் 70 கிரே என்று மருத்துவர் கணக்கு வைத்திருந்தார். கட்டிக்கு இவ்வளவு கதிர் தேவைப்படும்போது, அதற்குச் சில சென்டிமீட்டர் பின்னால் இருக்கும் தண்டுவடம் 45 முதல் 50 கிரே வரைதான் பாதுகாப்பாகத் தாங்கும்; காதுக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளோ அதைவிடக் குறைந்த கதிரிலேயே வறண்டுபோகும். ஆகவே முகத்தோடு ஒட்டிப் படியும் வலைமுகமூடியால் தலையை மேசையில் அசையாமல் பிணைத்து, அன்றாடம் கதிர் பாய்ச்சுவதற்கு முன் அதே எந்திரத்தில் படம் எடுத்து, அதைச் சிகிச்சைக்கு முன் திட்டமிடுவதற்காக எடுத்த சி.டி. படத்தோடு பொருத்திப் பார்த்து, மேசையை மில்லிமீட்டர் அளவில் நகர்த்துகிறார்கள். சிகிச்சை முடிந்து வெளியே வந்த பின்னும் அண்ணனின் நெற்றியில் அந்த வலையின் கட்டங்கள் அரை மணி நேரம் பதிந்திருக்கும்.

நான்காவது வாரம் அவருக்குக் கஞ்சியே இறங்கவில்லை; ஒன்பது கிலோ இளைத்துவிட்டார். முகமூடிக்கும் கன்னத்துக்கும் இடையில் என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. அன்றைய படத்தைப் பார்த்த பணியாளர் எந்திரத்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைத்தார். புது முகமூடியும் புதுத் திட்டமும் தயாராக நான்கு நாட்கள் வீணாயின. படம் பிழையைக் காட்டித் தரும். இளைத்த உடம்பைத் தேற்ற அதனால் ஆகாது. கதிரால் வாய் புண்ணாவதற்கு முன்பே, வயிற்றுக்கு நேரே உணவு செலுத்தும் குழாய் பற்றிக் கேட்டு வையுங்கள் என்று தொடக்கத்தில் ஒருவராவது எங்களிடம் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதைவிட அச்சம் தருவது இடையில் விட்டுப்போகும் நாட்கள். தவறிய நாட்களில் புற்றணுக்கள் மீண்டும் பெருகுகின்றன. இடைவெளி நீள நீளக் கட்டி அடங்கும் வாய்ப்புக் குறைகிறது. சித்திரைப் பிறப்புக்கும் தண்ணீர்த் திருவிழாவுக்கும் ஊர் போய் வருகிறோம் என்று கிளம்பியவர்களை மருத்துவமனை வாசலிலேயே கண்டேன். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. மோல்மினிலிருந்தும் தட்டோனிலிருந்தும் வருகிறவருக்கு ரங்கூனில் ஏழு வாரம் அறை வாடகை கொடுப்பது எளிதன்று. கையில் பணம் தீர்ந்தால் ஊர் திரும்பத்தான் தோன்றும்.

ரங்கூனில் நம் கோயில்களும் சங்கங்களும் திருவிழா நாட்களில் வெளியூர் அடியார்களுக்கு இடமும் சோறும் தருவதை நாம் அறிவோம். அவற்றுள் ஏதேனும் ஒன்று, கதிர்வீச்சுக்கு வரும் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் இரண்டு அறைகளை ஆண்டு முழுவதும் ஒதுக்கி, காரமில்லாமல் குழையச் சமைத்த கஞ்சியும் முட்டையும் பாலும் நாள்தோறும் தர முன்வர வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். முதல் மாதத்து அரிசிச் செலவை எங்கள் குடும்பம் ஏற்கும்.

இப்படிக்கு,
மோல்மின் வாசகர் ஒருவர்