மலருக்கு, பெங்களூரிலிருந்து

அன்பு மகள் மலருக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம்.

போனில் பேசும்போது "பெங்களூர் இனி தேறாதுப்பா" என்றாய். ஏரியில் நுரை, 2024 கோடையில் டேங்கர் லாரிக்காகக் காத்துக்கிடந்தது, எல்லாம் வாஸ்தவம். ஆனாலும் அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை, கண்ணு.

கோலார் சங்கதியைப் பார். கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் ஓடும் சாக்கடை நீரைச் சுத்திகரித்து, 2018 முதல் குழாய் வழியே கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது திட்டம். ஓர் ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரிக்கு ஓடும். அதை நேரே வயலுக்குப் பாய்ச்சக் கூடாது. மண்ணில் இறங்கி போர்வெல்லில் ஊற வேண்டும், அதுதான் ஏற்பாடு. காவிரியைச் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து மேடேற்றிக் கொண்டுவரும் ஊர், அதே நீரை இரண்டாம் முறை உபயோகிக்க வழி கண்டிருக்கிறது.

அத்தை ஊர் ஏரி சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததே, போன மாதம் போய்ப் பார்த்தேன். மதகு வரை தண்ணீர். கரைக்குக் கீழே தக்காளி, ராகி. அத்தை வீட்டு போர்வெல்லில் மறுபடி தண்ணீர் ஏறுகிறது. நாற்றம் இல்லை. ஆனால் ஓரமெல்லாம் பச்சைப்பாசி ஏடு கட்டியிருந்தது. குச்சியால் விலக்கினால் உடனே மூடிக்கொள்கிறது. அந்தப் பாசிதான் மனதை உறுத்துகிறது. சுத்திகரிப்பு இரண்டு கட்டத்தோடு நிற்பதால், பாசிக்குத் தீனியாகும் நைட்ரஜனும் பாஸ்பரசும் நீரிலேயே தங்கிவிடுகின்றன. தொடங்கிய ஆண்டே லட்சுமிசாகர் ஏரியில் நுரை பொங்கி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அவற்றையும் நீக்கும் மூன்றாம் கட்டமும் வேண்டும் என்று விவசாயிகள் கேட்பது நியாயம்.

நமக்கு அது கடமையும்கூட. 1902இல் சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் முதலில் போனது, உன் தாத்தா பிறகு வேலை பார்த்த கோலார் தங்கவயலுக்குத்தான். சுரங்கத்துக்காக வந்த அந்தக் கரண்டில்தான் 1905இல் பெங்களூர் தெருவிளக்கு எரிந்தது. அந்தக் கோலாருக்கு அரைகுறையாய்ச் சுத்தம் செய்த நீரை அனுப்பிவிட்டுக் கைகழுவ மனம் ஒப்பவில்லை.

தேவை நெருக்கும்போது விஞ்ஞானி, இன்ஜினியர், வழக்கறிஞர், வழக்குப் போட்ட விவசாயி எல்லோரும் வந்து சேரும் இடம் நகரம். அந்த நெருக்கடியில்தான் வேலை நடக்கிறது. நீ இருக்கும் சிங்கப்பூரே சாட்சி. மலேசியாவின் ஜோகூர் தண்ணீரையே எத்தனை காலம் நம்புவது என்றுதானே கழிவுநீரைச் சவ்வில் வடிகட்டி, புற ஊதாக் கதிர் காட்டி, 2003இல் நியூவாட்டர் என்று ஊருக்கே கொடுத்தார்கள்? அந்தத் துறையிலேயே இருக்கும் நீ, பெங்களூர் தேறாது என்று சொல்லலாமா?

டிசம்பரில் வரும்போது விவரம் எழுதிக்கொண்டு வா. மூன்றாம் கட்டத்துக்குக் கரண்ட் எவ்வளவு பிடிக்கும், சவ்வை எப்போது மாற்ற வேண்டும், சவ்வில் வடிகட்டியபின் மிஞ்சும் உப்புநீரை எங்கே விடுவது. கடைசிக் கேள்விக்குத்தான் இங்கே யாரும் சரியாகப் பதில் சொல்வதில்லை. கோலார் கடலோர ஊர் இல்லையே. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் அதைப் பேச வைக்கிறேன். அத்தை ஊர்க்காரர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. டிக்கெட் போட்டதும் தேதி சொல்.

அன்புடன்,
அப்பா