‘எப்படி வந்தது?’ என்று கேட்காதவர்களுக்கு

எங்கள் தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் அண்ணன் இந்த மாதத்தோடு பணி ஓய்வு பெறுகிறார். மாலையும் பொன்னாடையும் மற்றவர்கள் போடட்டும். நான் கொடுக்க வேண்டிய கடன் வேறு. அதை மேடையில் சொல்ல வாய் வராது என்பதால் எழுதுகிறேன்.

2017இல் நடந்தது. மலேசியாவின் பினாங்கில், பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன், இன்றும் ஓட்டுகிறேன். ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் எடுத்த இரத்தத்தில் எச்ஐவி இருப்பது எனக்குத் தெரியும் முன்பே மனிதவள அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு தாள், பக்கத்தில் பேனா. சொந்தக் காரணங்களுக்காக விலகிக்கொள்கிறேன் என்று மலாயில் இரண்டே வரி. 14 ஆண்டுகளாகச் சம்பளச் சீட்டில் என் அப்பா பெயரை ஓர் எழுத்துப் பிழையோடு அடித்துவந்தவர்கள், அன்று மட்டும் சரியாக அடித்திருந்தார்கள்.

கழிப்பறைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு அண்ணனுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். “தம்பி, கையெழுத்து மட்டும் போடாதே. வருகிறேன்” என்றார். கிரீஸ் படிந்த கையோடு ஓடிவந்தார். அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது: வேலையைவிட்டு நீக்கினால் 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் 20ஆம் பிரிவின்படி 60 நாளுக்குள் மீண்டும் வேலை கேட்டு முறையிடலாம். நானே விலகல் கடிதம் கொடுத்துவிட்டால் அந்த வழக்கு நிற்பதே கடினம். அந்த இரண்டு வரியின் வேலையே அதுதான்.

நடைவழியில் நின்று விஷயத்தைச் சொன்னேன். தலை நிமிரவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: “மருத்துவமனைக்கு மாதம் எத்தனை நாள் போகவேண்டி வரும்?” எப்படி வந்தது, யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி அன்றும் இல்லை, இந்த எட்டு ஆண்டுகளில் என்றும் இல்லை.

மறுநாள் நிர்வாகத்தின் முன் இரண்டு ஆவணங்களை வைத்தார். ஒன்று, 2001இல் நம் நாட்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை வெளியிட்ட, வேலையிடத்தில் எச்ஐவியைக் கையாள்வதற்கான நடத்தைக் கோவை. மற்றொன்று, அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2010இல் ஏற்ற 200ஆம் எண் பரிந்துரை. எச்ஐவி இருப்பதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கக்கூடாது, அதனால் எடுக்கும் விடுப்பை மற்ற நோய் விடுப்பைப் போலவே நடத்த வேண்டும் என்பது அதில் இருக்கிறது. இவை இரண்டும் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டங்கள் அல்ல என்பது அவருக்கும் தெரியும். அதனால் மூன்றாவதாக, சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து போட்ட கூட்டு ஒப்பந்தத்தை எடுத்தார். தொழில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டும். “நீண்டகால நோய் விடுப்பு என்றுதான் நாம் எழுதியிருக்கிறோம். எந்த நோய் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் காட்டுங்கள்” என்றார். காட்ட ஒன்றும் இல்லை. அந்தத் தாள் கையெழுத்தில்லாமல் இன்னும் என் வீட்டு அலமாரியில் கிடக்கிறது.

அரசு மருத்துவமனைத் தாதி அக்காவுக்கு அடுத்த நன்றி. மருந்துக்கு வீட்டை விற்கவேண்டி வருமோ என்று நடுங்கிப் போனவனிடம், முதலில் தொடங்கும் முதல்நிலை மருந்து இங்கே இலவசம் என்று சொல்லிவிட்டு மாத்திரைப் பெட்டியில் ‘இரவு 9’ என்று பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்தார். ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக மனைவிக்குத் தொற்றாது என்பதை என் மனைவியையும் உட்காரவைத்து, கூச்சமில்லாமல், பச்சைத் தமிழில் விளக்கினார். மனைவிக்குத் தொற்று இல்லை. அன்று நாங்கள் இருவரும் பேருந்து நிறுத்தத்தில் பேசாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

அந்த மாத்திரையில் எஃபாவிரென்ஸ் என்ற எச்ஐவி மருந்து இருந்தது. தொடக்க வாரங்களில் தலை சுற்றும். கனவுகள் கண்டபடி வரும். இரவு வேலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினால் யாரையாவது ஏற்றிவிடுவேன். நோயின் பெயர் இல்லாத மருத்துவக் கடிதம் ஒன்றை வைத்தே சங்கம் எனக்கு ஆறு வாரம் கிடங்குக் கணக்கு வேலையைப் பகலில் வாங்கிக் கொடுத்தது. என் இரவு வேலையை ஏற்றுக்கொண்டவர் ஒரு மலாய் அபாங், அதாவது அண்ணன். ஏன் என்று கேட்கவில்லை. ஆறாவது வாரம் முடிந்ததும் ஒரு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தை நீட்டி, “மெலிந்துவிட்டாய்” என்றார். அவ்வளவுதான்.

எனக்குத் தெரியாமல் நடந்த உதவி ஒன்றும் உண்டு. நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவில் தொழிலாளர் பேராளராக இருந்த தங்கச்சி, எல்லா முதலுதவிப் பெட்டிகளிலும் கையுறை வைக்கச் செய்தார். யாருடைய இரத்தமாக இருந்தாலும் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும் என்பது விதியாயிற்று. இதற்கு யாருக்கு என்ன நோய் என்று ஒருவருக்கும் தெரிய வேண்டியதில்லை. உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1ஆம் தேதி மண்டையோடு போட்ட சுவரொட்டி ஒட்டி நம்மவர்களைப் பயமுறுத்திய காலமும் நம் கிளைக்கு உண்டு, அண்ணன் கோபித்துக்கொள்ளக்கூடாது. நூறு சுவரொட்டியைவிட அந்தக் கையுறைப் பெட்டி எனக்குப் பெரிது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. என்னோடு சரக்கு ஏற்றிய நேபாளத் தம்பிக்கு இதே பரிசோதனை முடிவு வந்திருந்தால்? வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான கட்டாயப் பரிசோதனையில் எச்ஐவியும் உண்டு. இருந்தால் தகுதியில்லை என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கூட்டு ஒப்பந்தத்தை எடுத்து நீட்ட அவனுக்கு யார் வருவார்கள்? புதிய செயலாளர் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் போட்டால் நாற்காலி அடுக்க நான் வருகிறேன்.

பெயர் போடவில்லை. அக்காள் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணனுக்குக் கையெழுத்து தெரியும்.

நன்றியுடன்,
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தம்பி,
பிறை, பினாங்கு