காட்டு உறவு கொடுத்ததை முழுசாகச் சொல்லுங்கள்

புதிய பயிர் ரகங்களைப் பரிசீலித்து வெளியிடும் குழுவினருக்கு,

வணக்கம். 'காட்டு இனத்திலிருந்து நோய் எதிர்ப்பு மரபணு சேர்க்கப்பட்டது' என்று ரகக் குறிப்புகளில் ஒரு வரி எழுதுகிறீர்கள். அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல். மரபணு என்றைக்கும் தனியாக வருவதில்லை. கூடவே என்னென்ன வந்தன என்பதை நீங்கள் சொல்வதே இல்லை.

பயிரோடு காட்டு இனத்தைக் கலக்கக் கூடாது என்பவன் அல்ல நான். நெல்லின் புல்தழைக் குட்டை நோய் என்ற வைரஸ் நோய்க்கு எதிர்ப்பைத் தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சலித்தபோது, ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரே ஒரு மாதிரிதான் கைகொடுத்தது. அதை மறக்க முடியுமா?

ஆனால் இரு இனங்களைச் சேர்ப்பது லேசான காரியமில்லை. படிக்கும் காலத்தில் அப்படியொரு கலப்புச் செடியின் மகரந்தத்தை அசிட்டோகார்மைன் சாயத்தில் போட்டுப் பார்த்தேன். நல்ல மகரந்தம் உருண்டு திரண்டு சிவந்து நிற்கும். இதிலோ பெரும்பாலானவை சாயம் ஏறாமல், சுருங்கிய வெற்றுத் தோலாகக் கிடந்தன. மகரந்தம் உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பில் குரோமோசோம்களுக்குச் சரியான ஜோடி கிடைக்காததால் வரும் மலட்டுத்தன்மை அது. பிழைத்த சிலவற்றை வைத்துக்கொண்டு பயிர்ச்செடியோடு திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும்; இதுதான் பிற்கலப்பு. ஒவ்வொரு முறையும் காட்டுப் பங்கு பாதியாகும். ஆறு முறை செய்தால் சராசரியாக 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

கணக்கு சரி, செடி அதன்படி நடப்பதில்லை. நமக்கு வேண்டிய மரபணுவுக்குப் அதே குரோமோசோமில் பக்கத்தில் இருப்பவை பிணைப்பால் ஒட்டிக்கொண்டே வருகின்றன. தக்காளி மொசைக் வைரஸை எதிர்க்கும் டிஎம்-2 மரபணு காட்டுத் தக்காளியிலிருந்து வந்தது. அது இருக்கும் ரகங்களை யங், டாங்க்ஸ்லி என்ற ஆய்வாளர்கள் 1989-ல் மரபணுக் குறியீடுகளால், அதாவது எந்த டிஎன்ஏ துண்டு எந்தச் செடியிலிருந்து வந்தது என்று காட்டும் அடையாளங்களால், சோதித்தார்கள். 11 முறை பிற்கலப்பு செய்த ஒரு ரகத்தில்கூட அந்த மரபணு இருக்கும் குரோமோசோமின் குறுங்கை (இரு பக்கங்களில் நீளம் குறைந்தது) முழுவதும் காட்டுத் தக்காளியுடையதாகவே இருந்தது! கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தவருக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?

கோதுமைக் கதை இன்னும் பெரியது. கோதுமையின் உறவான ரை என்ற தானியத்தின் முதல் குரோமோசோமின் குறுங்கை, கோதுமைக்குள் துரு நோய் எதிர்ப்பைக் கொண்டுவந்தது. கோதுமைக் குரோமோசோமோடு அது ஜோடி சேராது. அதனால் துண்டு துண்டாக உடையாமல் ஒரே கட்டாகத் தலைமுறை தலைமுறையாக நின்றது. அந்தக் கட்டில் ரையின் புரதங்களும் இருந்ததால் மாவு பிசுபிசுத்தது, ரொட்டித் தரம் கெட்டது. ஆனாலும் எதிர்ப்புக்காகப் பல நாடுகளில் அதே துண்டை நம்பினார்கள். 1990-களின் கடைசியில் உகாண்டாவில் தென்பட்ட யூஜி99 என்ற தண்டுத் துருப் பூஞ்சை வகை, அந்தத் துண்டிலிருந்த எஸ்ஆர்31 என்ற மரபணு தந்த எதிர்ப்பை உடைத்தது.

இனி ரகக் குறிப்போடு ஒரு பக்கம் கூடுதலாக இணையுங்கள். எந்த இனம், எந்தக் குரோமோசோம், காட்டுத் துண்டின் நீளம் எவ்வளவு, அதே துண்டு ஏற்கெனவே எந்தெந்த ரகங்களில் இருக்கிறது, விளைச்சலிலோ தரத்திலோ என்ன குறைந்தது என்று அதில் இருக்கட்டும். அடுத்த கலப்புக்கு அந்த ரகத்தைப் பெற்றோராக எடுப்பவர் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான். குறியீட்டுச் சோதனை இன்று புதுமையும் அல்ல. பல ரகங்களுக்கு அந்த விவரம் உருவாக்கியவர்களின் கோப்பில் ஏற்கெனவே இருக்கும். அப்புறம் வெளியிட என்ன தயக்கம்?

இப்படிக்கு,
மகரந்தத்தைச் சாயத்தில் போட்டுப் பார்த்த பழைய மாணவன்