தோற்ற மருந்து என்று சொல்லாதே

பினாங்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம்.

சென்ற வாரம் உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசியபோது, "சல்ஃபாசலசின் மூளைக்கட்டியில் ஏற்கெனவே தோற்றுப்போன மருந்து அம்மா, அதை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை ஆண்டுகள்?" என்று கேட்டாய். உன் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் 'தோற்ற மருந்து' என்ற பேச்சு மட்டும் என் மனதுக்கு ஒப்பவில்லை. ஜார்ஜ்டவுனில் மருந்தக வேலையில் இருந்த காலமெல்லாம் முடக்குவாதத்தால் விரல் மடக்க முடியாமல் வந்தவர்களுக்கு அந்த மஞ்சள் மாத்திரையை எண்ணிக் கொடுத்தவள் நான். அதற்கு முன்பே ஒரு தோல்விக் கதை உண்டு, கேள்.

ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நான்னா ஸ்வார்ட்ஸ் முடக்குவாதத்துக்காகவே அதை உருவாக்கி, 1942இல் முடிவுகளை வெளியிட்டார். 1940களின் இறுதியில் பிரிட்டனில் நடந்த ஒரு சோதனை பயனில்லை என்றது. அதோடு மூட்டுநோய் மருத்துவர்கள் அதை மறந்தார்கள். பெருங்குடல் அழற்சிக்கு மட்டும் அது பிழைத்திருந்தது. 1970களின் பிற்பகுதியில் பர்மிங்ஹாமில் மக்காங்கி என்ற மருத்துவர் மறுபடி எடுத்துப் பார்த்த பிறகுதான் முடக்குவாதச் சிகிச்சைக்குள் திரும்பியது. இடையில் சுமார் முப்பது ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் வலியோடு வாழ்ந்து முடிந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

மூளைக்கட்டிக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த பெல்ஜியச் சோதனையை மறைக்கச் சொல்லவில்லை. சிகிச்சைக்குப் பின்னும் கட்டி வளர்ந்துகொண்டிருந்த நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பத்துப் பேரோடு நிறுத்த வேண்டியதாயிற்று. கட்டி சுருங்கவில்லை, பக்கவிளைவுகளும் கடுமையாக இருந்தன. 2009இல் அதை ஒளிக்காமல் வெளியிட்டார்களே, அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது? நோய் முற்றியவர்களுக்கு, வாய்வழியாக, இந்த மாத்திரையை இப்படியே கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு.

வாய்வழி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மாத்திரையின் பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாவால் இரண்டாக உடைகிறது. குடல் அழற்சிக்கு அந்த உடைவுதான் மருந்து. கட்டிச் செல்லின் சவ்விலுள்ள நுழைவாயிலை அடைப்பதோ உடையாத முழு மூலக்கூறு. அது இரத்தத்துக்குப் போவதே கொஞ்சம். மூளைக்குள் நுழைவது அதிலும் கொஞ்சம். குடலில் உடையாத ஒரு வடிவத்தைத்தானே உன் குழு தேடுகிறது? அப்படியென்றால் பெல்ஜியத்தில் கேட்ட கேள்வி வேறு, நீங்கள் கேட்பது வேறு.

அந்த நுழைவாயிலைப் பற்றி நீ முதன்முதலில் விளக்கியது நினைவிருக்கிறது. கட்டிச் செல் சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, நரம்புகளைத் தூண்டும் குளூட்டமேட்டை வெளியே தள்ளுகிற பண்டமாற்று. வாங்கியதைக் கொண்டு குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருளைச் செய்து தன்னைக் காத்துக்கொள்கிறது. தள்ளியது பக்கத்து நரம்புச் செல்களைக் கொல்கிறது, வலிப்பையும் தூண்டுகிறது. அமெரிக்காவின் அலபாமாவில் சோன்தைமர் என்ற ஆய்வாளரின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், மனிதக் கட்டிச் செல்கள் பொருத்திய எலிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தபோது வலிப்பு அலைகள் குறைந்தன. கட்டி சுருங்காவிட்டாலும் வலிப்பு குறைந்தால், அது அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக்கட்டிக்கு 2005இல் டெமோசோலமைடு என்ற மருந்து வந்து, நோயாளிகள் உயிர்வாழும் இடைநிலைக் காலத்தை 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக்கியதையே உலகம் பெரிய முன்னேற்றமாகக் கொண்டாடியது. இரண்டரை மாதத்துக்கு மதிப்புண்டு என்றால், வலிப்பில்லாத நாட்களுக்கும் மதிப்புண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் அடுக்குமாடியில் கீழ்வீட்டு அக்காவின் மருமகனுக்கு இதே கட்டி. அக்கா முடக்குவாதத்துக்கு இந்த மாத்திரைதான் சாப்பிடுகிறார். யாரோ கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்ட, தன் மாத்திரைப் பொட்டலத்தோடு மேலே வந்து, "மருமகனுக்குக் கொடுக்கலாமா, எத்தனை?" என்று கேட்டார். கொடுக்கவே கூடாது என்று உறுதியாகச் சொன்னேன். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால்? வெள்ளை அணுக்கள் குறைந்தால்? டெமோசோலமைடும் அதே அணுக்களைத்தானே குறைக்கிறது. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருந்தால் சிவப்பணுக்கள் சிதையும். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்திலேயே அந்தக் குறைபாட்டைத் தேடிப் பார்க்கிற நாடு இது; அந்த அளவுக்கு இங்கே பரவலானது. அவர் அழுதார். மலிவான மாத்திரை, கையில் இருக்கிறது, ஏன் தடுக்கிறாய் என்ற கேள்வி அந்த அழுகையில் இருந்தது.

அவரைத் தடுத்த எனக்கு, உன்னைத் தொடரச் சொல்கிற கடமையும் இருக்கிறது. காப்புரிமை தீர்ந்த பழைய மருந்தில் பணம் போட எந்தக் கம்பெனி முன்வரும்? பொதுப்பணத்தில் சம்பளம் வாங்குகிற உன்னைப் போன்றவர்கள் செய்தால்தான் உண்டு. முடிவு 'இல்லை' என்று வந்தாலும் சரி, அதை ஐயமில்லாமல் சொல்லிவிடு. இப்போதோ அரைகுறையாக 'இல்லை', அரைகுறையாக 'இருக்கலாம்'. அதனால்தான் அக்கா பொட்டலத்தோடு மாடியேறி வந்தார்.

அவருக்காக ஒரு பக்கம் தமிழில் எழுதி அனுப்பு. இந்த மருந்து எந்த நிலையில் இருக்கிறது, ஏன் வீட்டில் கொடுக்கக் கூடாது, வலிப்புக்கு இப்போது என்ன மருந்து உண்டு, சோதனைகளில் சேர முடியுமா என்று அவர் மருத்துவரிடம் எப்படிக் கேட்க வேண்டும், இவ்வளவும் இருக்கட்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், அவருக்குக் கண் மங்கல். மருமகனுக்கு அடுத்த பரிசோதனை மாதக் கடைசியில். அதற்குள் வந்தால் நல்லது.

அன்புடன்,
அம்மா