முதலில் ரேம், பிறகு பிராசசர்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய பட்டியலை நேற்று ராத்திரி இரண்டு முறை படித்தேன். உன் 3டி காட்சிகளை ரெண்டர் செய்து படமாக்கவும், வேலைக் கோப்புகளையெல்லாம் ஒரே இடத்தில் வைக்கவும் வீட்டிலேயே ஒரு சர்வர் கட்டப்போகிறாய் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் 16 கோர் பிராசசரும், அதற்கு அடுத்த வரியிலேயே நான்கு 8 ஜிபி சாதாரண ரேமும் இருப்பதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன்.

உன் சின்ன வயசுப் படங்களில் சில கெட்டுப்போனது உனக்குத் தெரியும். எப்படிக் கெட்டன என்று நான் முழுதாகச் சொன்னதில்லை. நீ முதன்முதலாகச் சைக்கிள் ஓட்டிய படத்தில் நெற்றி, கண், சிரிப்பு வரைக்கும் எல்லாம் சரியாக இருக்கும். மோவாய்க்குக் கீழே கோடு கிழித்தாற்போல் படம் இடப்பக்கம் நகர்ந்து, சட்டையும் சைக்கிளும் ஊதாவும் பச்சையுமாகப் பட்டை பட்டையாகத் தெரியும். ஜேபெக் கோப்பின் நடுவில் ஒரே ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, மாறினாலும் போதும், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தப்பாகப் பிரிந்துவிடலாம். ஹார்டு டிஸ்க்தான் போய்விட்டது என்று நினைத்தேன். டிஸ்கில் ஒரு குறையும் இல்லை. என் சர்வரில் பழைய டிஸ்கிலிருந்து புதியதற்கு மாற்றியபோது கோப்புகள் நடுவில் தங்கிப்போன ரேம்தான் கெட்டிருந்தது. ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் நிரலை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். விடியும்போது திரையில் சிவப்பு வரிகள். திரும்பத் திரும்ப அதே முகவரி, அதே பிட். அதற்குள் பழைய டிஸ்கை அழித்து வேறு வேலைக்குப் போட்டுவிட்டேன். பேக்கப்பிலும் கெட்ட நகல்தான் இருந்தது. அத்தனை மாதமும் அந்த சர்வர் ஒரு நாள்கூட நிற்கவில்லை, ஒரு எச்சரிக்கையும் காட்டவில்லை.

அதனால் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி ரேம் வாங்கு. இதில் மட்டும் எனக்காக விட்டுக்கொடு. 64 பிட் தரவோடு 8 பிட் கூடுதலாக வைத்துக்கொண்டு, ஒரு பிட் புரண்டால் அந்த இடத்திலேயே திருத்திவிடும். இரண்டு புரண்டால் திருத்த முடியாது, ஆனால் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். இதற்கு அடிப்படை போட்டவர் பெல் ஆய்வகத்தின் ரிச்சர்டு ஹேமிங். வார இறுதியில் அவர் ஓடவிட்டுப் போன கணக்குகளை, ஒரு பிழை வந்ததும் இயந்திரம் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடுமாம். பிழை இருப்பது தெரிகிற இயந்திரத்துக்கு அது எங்கே என்றும் தெரியக் கூடாதா என்ற ஆற்றாமையில் பிறந்த அவருடைய கட்டுரை 1950-இல் வெளிவந்தது. இத்தனைக்கும் ரேம் பிழை அபூர்வமும் இல்லை. கூகுள் சர்வர்களை இரண்டரை ஆண்டு கவனித்து 2009-இல் வந்த ஆய்வில், ஒரு வருஷத்தில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம் ஸ்டிக்குகளில் பிழை பதிவாகியிருந்தது.

இசட்எஃப்எஸ் என்கிற கோப்பு முறைமையைப் போடுகிறேன், அது பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தாய். ஒவ்வொரு பிளாக்குக்கும் அது செக்சம், அதாவது தரவு மாறியதா என்று காட்டும் எண், போட்டு வைப்பது உண்மைதான். ஆனால் செக்சம் போடுவதற்கு முன்னாலேயே ரேமில் தரவு மாறியிருந்தால், கெட்ட தரவுக்குச் சரியான முத்திரை விழுந்துவிடும். டிடிஆர்5 வகை ரேம் என்றாலே ஈசிசி இருக்கிறது என்று விற்கிறவர்கள் சொல்வதையும் நம்பிவிடாதே. அது சிப்புக்குள் நடக்கும் திருத்தம் மட்டும். சிப்பிலிருந்து பிராசசருக்குப் போகிற வழியை அது காக்காது. வாங்கும்போது ‘ஈசிசி யூடிம்’ (ECC UDIMM) வகை ஸ்டிக் என்றே கேள். ‘ஆர்டிம்’ (RDIMM) பெரிய சர்வர் போர்டுகளுக்கானது, உன் போர்டில் பொருந்தாது.

இனி பிராசசர். கோப்புகளைக் கொடுத்து வாங்க அதிக கோர் தேவையில்லை. கிகாபிட் வயரில் நொடிக்கு 110 எம்பி சுமாருக்கு மேல் போகப்போவதில்லை, அதற்குச் சாதாரண பிராசசரே போதும். கோர் வேண்டியது ரெண்டருக்குத்தான். உன் காட்சிகள் கிராபிக்ஸ் கார்டின் மெமரியில் அடங்குவதில்லை என்பதால்தானே பிராசசரில் ரெண்டர் செய்கிறாய்? அதே சிக்கல் இங்கேயும் வந்து நிற்கும். இரண்டு நிமிடப் படம், நொடிக்கு 24 பிரேம் என்றால் 2,880 பிரேம். 12 கோரில் ஒரு பிரேமுக்குப் பத்து நிமிடம் என்று வை, மொத்தம் 20 நாள். 16 கோர் முழுசாகப் பலன் கொடுத்தால் 15 நாள். எல்லா கோரும் ஒன்றாக ஓடும்போது வேகம் இறங்குவதால் அந்த ஐந்து நாளும் முழுதாக மிஞ்சாது. ஆனால் நீ சொன்ன அந்தக் காட்டுக் காட்சி 40 ஜிபி. 32 ஜிபி ரேமில் அதை ஏற்றினால் மிச்சம் டிஸ்குக்கு ஸ்வாப் ஆகும், பத்து நிமிட பிரேம் மணிக்கணக்கில் இழுக்கும். அப்போது 16 கோரும் சும்மா உட்கார்ந்து டிஸ்குக்காகக் காத்திருக்கும்.

எனவே உன் பட்டியலில் உள்ள 16 கோர் ரைசன் 7950எக்ஸை விட்டுவிட்டு, 12 கோர் ரைசன் 7900-ஐ எடு. அதன் டிடிபி, அதாவது குளிர்விக்க வேண்டிய சூட்டின் அளவு, 65 வாட், மற்றது 170. ராப்பகலாக ஓடப்போகிற பெட்டி, நீ தூங்குகிற அறைக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறது. சூடும் ஃபேன் சத்தமும் உனக்குத்தான். மிஞ்சுகிற பணத்தில் 32 ஜிபி ஈசிசி ஸ்டிக் இரண்டு வாங்கு. கை கொடுத்தால் 48 இரண்டு. நான்கு ஸ்டிக் வேண்டவே வேண்டாம். இந்த பிராசசர்களில் இரண்டு ஸ்டிக் போட்டால் அதிகாரப்பூர்வ வேகம் நொடிக்கு 5200 மில்லியன் பரிமாற்றம். நான்கு போட்டால் 3600-க்கு இறங்கிவிடும். ரேமிலிருந்து நொடிக்கு 83 ஜிபி வரவேண்டிய இடத்தில் 58-தான் வரும்.

7900 ஈசிசியை ஏற்கும், ஆனால் மதர்போர்டும் ஏற்க வேண்டும். போர்டின் கையேட்டில் அது எழுதியிருக்கிறதா என்று பார். “பொருந்தும்” என்று மட்டும் இருந்தால் போதாது; ஸ்டிக் வேலை செய்யும், திருத்தம் நடக்காது. ஈசிசி செயல்படும் என்று தெளிவாக இருக்க வேண்டும். இன்டெல் பக்கம் போவதாக இருந்தால் 12-ஆம் தலைமுறை முதல் வந்தவற்றில் பலவும் ஈசிசியை ஏற்கும், ஆனால் டபிள்யூ680 மாதிரியான போர்டு வேண்டும். சாதாரண போர்டில் நடக்காது.

இரண்டு வேலையும் ஒரே பெட்டியில் என்பதால் இன்னொன்று. மிச்சமிருக்கிற ரேமை இசட்எஃப்எஸ் தன் கேஷுக்கு (படித்த தரவைக் கைவசம் வைத்துக்கொள்ளும் இடம்) எடுத்துக்கொள்ளும். கேட்டால் திருப்பிக் கொடுக்கும், ஆனால் பெரிய காட்சி ஒரே மூச்சில் ஏறும்போது அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. 64 ஜிபியில் கேஷுக்கு 12 என்று உச்சவரம்பு வைத்துவிடு. ரெண்டர் செய்யும் பிளெண்டரிலும், 12 கோர் ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய 24 திரெடையும் கொடுக்காமல் 22 கொடு. ரெண்டர் ஓடும்போதே கோப்பைத் திறக்கத் தடங்கல் இருக்காது.

எல்லாம் பூட்டியதும் லினக்ஸில் டிஎம்ஐடிகோட் (dmidecode) கட்டளையைப் போட்டு மெமரியைப் பார். தரவு அகலம் 64 என்றும், மொத்த அகலம் அதைவிடப் பெரிதாகவும் இருக்க வேண்டும். கெர்னல் பதிவில் ‘எடாக்’ (EDAC) என்று தேடு. அந்த வரி இல்லையென்றால் ஈசிசி பிழைகள் எண்ணப்படவில்லை என்று வைத்துக்கொள். பிறகு, ஒரு கோப்பைக்கூட ஏற்றாமல், ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட். புது ரேம்தானே என்று விட்டுவிடாதே, கண்ணு. பழைய டிஸ்குகளையும் மூன்று மாதத்துக்கு அழிக்காதே.

மதர்போர்டின் மாடல் எண்ணை அனுப்பு, கையேட்டை நானும் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன். மெம்டெஸ்ட் முடிந்ததும் திரையைப் படம் எடுத்து அனுப்பு. எந்நேரமானாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா